இரண்டாவது காலத்தைத் தாளில் போட்டுச் சோதிப்பது எப்படி

"இன்னொரு காலப் பரிமாணம் இருந்தால் எப்படி இருக்கும்?" என்று யாராவது கேட்டால் உடனே கண்ணை மூடிக் கற்பனை செய்யத் தோன்றும். அதை மட்டும் செய்யாதீர்கள். கற்பனையில் வருவது பக்கத்திலேயே ஓடும் இன்னொரு கடிகாரமாக இருக்கும், இல்லையென்றால் கிளை கிளையாகப் பிரியும் உலகங்கள், அதுவும் இல்லையென்றால் நேற்றைக்குத் திரும்பும் கதவு. மூன்றுமே வேறு விஷயங்கள். ஒரு தாள், ஒரு பேனா, பள்ளியில் படித்த பித்தாகரஸ் தேற்றம், இவ்வளவு போதும். ஒரே ஒரு குறியை மாற்றிப் போட்டுவிட்டு அது எங்கே இழுத்துக்கொண்டு போகிறதோ அங்கே பின்னாலேயே போனால், இயற்பியலாளர்கள் இந்த யோசனையோடு ஏன் இப்படி மல்லுக்கட்டுகிறார்கள் என்பது நம் கையெழுத்திலேயே தெரிந்துவிடும்.

முதலில் களையெடுப்பு

'கூடுதல் பரிமாணம்' என்ற சொல்லைப் பார்த்தவுடன் அது வெளியா, காலமா என்று கேளுங்கள். இந்தக் கேள்வியிலேயே பாதிச் செய்திகள் விழுந்துவிடும். துகள்களைச் சின்னஞ்சிறு இழைகளின் அதிர்வாகப் பார்க்கும் இழைக் கோட்பாடு 10 பரிமாணம் கேட்கிறது, அதில் 9 வெளி, 1 காலம். அதன் விரிவாக்கமான எம்-கோட்பாட்டின் 11-இல் 10 வெளி, 1 காலம். பழைய போசான் இழைக் கோட்பாட்டின் 26-இல் கூட 25 வெளிக்குப் போய்விட்டது, காலம் ஒன்றேதான். வெளியை இஷ்டத்துக்கு அள்ளிக் கொடுப்பவர்கள் காலத்தில் மட்டும் இவ்வளவு கஞ்சத்தனம் காட்டுவதற்குக் காரணம் இருக்கிறது, வருகிறேன்.

அடுத்தது 'கற்பனைக் காலம்'. காலத்தை மைனஸ் ஒன்றின் வர்க்கமூலத்தால் பெருக்கிக்கொண்டு கணக்கைச் சுலபமாக்கும் உத்தி அது. இருக்கிற ஒரே காலத்தைத்தான் வேறு உடையில் எழுதுகிறார்கள், புதிதாக எதுவும் சேரவில்லை.

2022-இல் ஒரு செய்தி பரபரப்பாகச் சுற்றியது: குவாண்டம் கணினிக்குள் 'இரண்டு காலப் பரிமாணம்' உருவாக்கிவிட்டார்கள் என்று. உண்மையில் நடந்தது இது: 10 இட்டெர்பியம் அயனிகள் மீது லேசர் துடிப்புகளைச் சீரான தாளத்தில் அடிக்காமல் ஃபிபொனாச்சி வரிசையில் (முந்தைய இரண்டு துண்டுகளை ஒட்டி அடுத்ததை உண்டாக்கும் வரிசை) அடித்தார்கள். அந்த வரிசை எந்த இடத்திலும் அச்சாகத் திரும்ப வராது, ஆனால் ஒழுங்கற்றதும் கிடையாது. ஒன்றோடொன்று பொருந்தாத இரண்டு தாளங்களை ஒரே நூலில் கோத்தது போல. அதனால் அயனி வரிசையின் ஓரத்து கியூபிட்டுகளின் (குவாண்டம் கணினியின் தகவல் அலகுகள்) குவாண்டம் நிலை, சீரான தாளத்தில் சுமார் 1.5 நொடி தாங்கியது, இதில் சுமார் 5.5 நொடி தாங்கியது. அருமையான சோதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே இரண்டாக இருந்தது காலத்தின் சமச்சீர்மை, அதாவது தாள ஒழுங்கு. ஆய்வகச் சுவரில் ஓடிய கடிகாரம் ஒன்றுதான்.

குறியைப் பிடியுங்கள்

சரி, வேலையை ஆரம்பிக்கலாம். 1908-இல் ஹெர்மன் மின்கோவ்ஸ்கி கொலோன் நகரில் ஆற்றிய உரையில் காலத்தையும் வெளியையும் ஒரே வடிவியலில் சேர்த்து வைத்தார். தூரத்தை ஒளியாண்டிலும் காலத்தை ஆண்டிலும் அளந்தால் சமன்பாடு ஒரு வரிதான்:

கடிகாரம்² = காலம்² − தூரம்²

இடப்பக்கம் இருப்பது பயணம் போகிறவர் கையில் கட்டியிருக்கும் கடிகாரம். வெளியில் நிற்பவர் கணக்கில் 5 ஆண்டு ஆகியிருக்கிறது, அதற்குள் அவர் 3 ஒளியாண்டு போயிருக்கிறார் என்றால் 25 − 9 = 16, கைக்கடிகாரம் 4 ஆண்டுதான் காட்டும். சார்பியலின் விசித்திரங்கள் பெரும்பாலும் அந்த ஒற்றை மைனஸ் குறிக்குள்தான் குடியிருக்கின்றன. காலம் எது, வெளி எது என்று சமன்பாட்டுக்குத் தெரிவதும் அந்தக் குறியால்தான்.

ஒரு எச்சரிக்கை. சில புத்தகங்கள் காலத்துக்குப் பிளஸ் போட்டு வெளிக்கு மைனஸ் போடும், சில நேர்மாறாக. இரண்டும் சரிதான், நடுவில் மாற்றினால்தான் வம்பு. நான் ஒருமுறை பாதிக் கணக்கை ஒரு முறையிலும் மீதியை மற்றதிலும் போட்டுவிட்டு இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். இந்தக் கட்டுரையில் காலம் பிளஸ், வெளி மைனஸ்.

இப்போது இரண்டாவது காலம்:

கடிகாரம்² = முதல் காலம்² + இரண்டாம் காலம்² − தூரம்²

இவ்வளவுதான் மாற்றம். நகராமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வையுங்கள், தூரம் பூஜ்யம். முதல் காலத்தில் 5, இரண்டாம் காலத்தில் 12 என்று போனால் 25 + 144 = 169, உங்கள் கடிகாரம் 13 காட்டும். நமக்குத் தெரிந்த பித்தாகரஸ் முக்கோணம், அவ்வளவே. இரண்டு காலங்களும் சேர்ந்து ஒரு சாதாரணத் தளம் போல நடந்துகொள்கின்றன. இதை மனதில் வையுங்கள், ஏனென்றால் இனி வரப்போகும் தொல்லைகளில் பாதிக்கு மேல் இந்தச் சாதுவான தளத்தில் இருந்துதான் கிளம்பும்.

திரும்பிப் பாருங்கள்

ஒற்றைத் தண்டவாளத்தில் போகிற ரயில் அப்படியே வளைந்து திரும்ப முடியாது. நின்று, பின்னால்தான் போக வேண்டும். மைதானத்தில் நடப்பவர் மெல்ல வளைந்து வளைந்தே வந்த பக்கம் திரும்பிவிடலாம். ஒரு காலம் என்பது தண்டவாளம். ஒளிக்கூம்பை, அதாவது ஒரு கணத்துக்கு வந்து சேரும், அங்கிருந்து கிளம்பும் ஒளியின் பாதைகளை வரைந்து பாருங்கள்: மேலே எதிர்காலக் கூம்பு, கீழே இறந்தகாலக் கூம்பு, இரண்டும் முனையில் மட்டும் தொடுகின்றன. ஒன்றிலிருந்து மற்றதற்குத் திசை மாற வேண்டுமென்றால் நடுவில் ஒளியை மிஞ்சியே ஆக வேண்டும், அது முடியாது. நேற்றும் நாளையும் கலக்காமல் இருப்பது இதனால்தான்.

இரண்டு காலம் மைதானம். தாளில் முதல் காலத்தைக் கிடையாகவும் இரண்டாம் காலத்தைச் செங்குத்தாகவும் வரைந்து, 1 ஆண்டு ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். அதன் மேல் போகிறவர் வெளியில் ஓர் அங்குலம் கூட நகரவில்லை, ஒளியை மிஞ்சவும் இல்லை. முதல் காலத்தில் முன்னோக்கிக் கிளம்பியவர் கால் வட்டத்தில் பக்கவாட்டில் போகிறார், அரை வட்டத்தில் பின்னோக்கிப் போகிறார், முழு வட்டம் முடிந்ததும் கிளம்பிய அதே கணத்துக்கு வந்து நிற்கிறார். கைக்கடிகாரம் மட்டும் 6.28 ஆண்டு கூடுதலாகக் காட்டும். கால இயந்திரம் கட்டுவதற்கு ஒரு காலம் உள்ள உலகில் கருந்துளை, புழுத்துளை என்று எதையெதையோ தேட வேண்டியிருக்கிறது. இங்கே சும்மா உட்கார்ந்து வளைந்தால் போதும்.

ஆற்றல் கணக்கு: இங்கே நிதானமாகப் போங்கள்

பலர் மேலே சொன்ன கால வட்டத்தோடு நிறுத்திவிடுவார்கள். "சரி, அப்படி யாரும் வளையக்கூடாது என்று ஒரு விதி போட்டுவிட்டால் ஆயிற்று" என்று சமாதானம் சொல்பவர்களும் உண்டு. என்னைப் பொறுத்தவரை உண்மையான அடி அங்கே இல்லை, ஆற்றலில் விழுகிறது. இதைக் கட்டாயம் நீங்களே போட்டுப் பாருங்கள்.

உந்தம் வெளிக்கு ஜோடி, ஆற்றல் காலத்துக்கு ஜோடி. வெளிக்கு மூன்று திசை இருப்பதால் உந்தத்துக்கும் மூன்று கூறு. அதே நியாயப்படி காலத்துக்கு இரண்டு திசை என்றால் ஆற்றலுக்கும் இரண்டு கூறு வேண்டும். நம் உலகில் நிறை² = ஆற்றல்² − உந்தம்². புதிய உலகில் நிறை² = முதல் ஆற்றல்² + இரண்டாம் ஆற்றல்² − உந்தம்².

நிறை 2 உள்ள ஒரு துகள் சும்மா இருக்கிறது. அதன் ஆற்றலை (2, 0) என்று எழுதுங்கள். இது இரண்டாக உடைகிறது: ஒன்றுக்கு (1, 5), மற்றதற்கு (1, −5). கூட்டிப் பாருங்கள், (2, 0) சரியாக வருகிறது, ஆற்றல் பாதுகாப்பு விதிக்கு ஒரு குறையும் இல்லை. இப்போது குழந்தைகளின் நிறை: 1 + 25 = 26, வர்க்கமூலம் சுமார் 5.1. அதாவது 2 கிலோ தாய் உடைந்து ஆளுக்கு 5.1 கிலோ என்று இரண்டு குழந்தைகள். 5-க்குப் பதில் 5,000 போட்டாலும் கணக்கு அப்படியே நிற்கும்.

நம் உலகில் இது நடக்காது, ஏனென்றால் அங்கே குழந்தைகளின் நிறைகளைக் கூட்டினால் தாயின் நிறையைத் தாண்டாது. மைனஸ் குறி முக்கோண விதியைத் தலைகீழாக்கி வைத்திருப்பதால் கிடைக்கும் பாதுகாப்பு அது. எலக்ட்ரான் உடையாமல் இருப்பதற்குக் காரணம், மின்னூட்டம் உள்ள துகள்களில் அதைவிட இலேசானது எதுவும் கிடையாது, உடைய வேண்டுமென்றால் போவதற்கு ஓர் இடம் வேண்டுமே. இரண்டு காலம் வந்தால் இலேசாக இருப்பது ஒரு பாதுகாப்பே இல்லை. ஜான் டோர்லிங் 1970-இலேயே இதைச் சுட்டிக்காட்டினார்: கூடுதல் காலம் இருந்தால் எலக்ட்ரானும் புரோட்டானும் தம்மைவிடக் கனமான துகள்களாக உடையலாம், ஃபோட்டானும் தப்பாது. இந்தப் பக்கம் நிஜ உலகைப் பாருங்கள்: ஜப்பானின் சூப்பர்-கமியோகாண்டே ஆய்வுக்கூடம் தன் ராட்சதத் தண்ணீர்த் தொட்டியில் வருடக்கணக்கில் காத்திருந்தும் ஒரு புரோட்டான் உடைந்ததைப் பார்க்கவில்லை. எதிர்பார்க்கப்படும் முக்கியமான சிதைவு வழியில் புரோட்டானின் ஆயுள் 10-இன் 34-ஆம் அடுக்கு ஆண்டுகளுக்கு மேல் என்கிறது அது. அண்டத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான்.

இன்னும் ஒரு படி மோசம் இருக்கிறது. வெற்றிடத்தை எடுங்கள், ஆற்றல் (0, 0). அது (5, 0) என்றும் (−5, 0) என்றும் பிரியலாமா? நம் உலகில் எதிர்மறை ஆற்றல் உள்ள துகளை வாசலிலேயே தடுத்துவிடுகிறோம், நேர்மறையும் எதிர்மறையும் தனித்தனிக் கூம்பில் இருப்பதால் அந்தத் தடை எல்லோருக்கும் ஒரே மாதிரி செல்லும். இரண்டு காலத்தில் அதே தளத்தைச் சுற்றினால் 5 மெல்ல −5 ஆகிவிடும். உங்களுக்கு நேர்மறை, எனக்கு எதிர்மறை. பிறகு எதை வைத்துத் தடுப்பது? ஒன்றுமே இல்லாத இடம் கூடத் துகள்களாகப் பொங்கி வழியலாம் என்றாகிவிடுகிறது.

நாளையைக் கணிக்க முடியுமா

இயற்பியலின் பிழைப்பே இன்றைய நிலவரத்தைக் கொடுத்தால் நாளையைச் சொல்வதுதான். அலைச் சமன்பாட்டை வாய்மொழியில் சொன்னால், காலத்தில் எவ்வளவு வளைகிறதோ அவ்வளவு வெளியில் வளைகிறது. இரண்டாம் காலத்தை வலப்பக்கம் தள்ளினால் அது மைனஸ் குறியோடு வந்து உட்காரும்:

முதல் காலத்தில் வளைவு = வெளியில் வளைவு − இரண்டாம் காலத்தில் வளைவு

அந்த மைனஸ் என்ன செய்யும் என்று பார்க்க, இரண்டாம் காலத் திசையில் மட்டும் மிகச் சிறிய நெளிவு ஒன்றை வையுங்கள். முதல் காலம் ஓட ஓட அது அலையாக ஆடாமல் அடுக்குக்குறி வேகத்தில் வீங்கும், நெளிவு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு வேகமாக. நெளிவைக் கோசைன்(எண் × இரண்டாம் காலம்) என்று எழுதினால், எண் 10 என்றால் ஓர் அலகுக் காலத்தில் சுமார் 11,013 மடங்கு. எண் 100 என்றால் ஏறக்குறைய 1-க்குப் பின் 43 பூஜ்யம். கண்ணுக்கே தெரியாத அளவுப் பிழை ஒன்று எண் ஆயிரத்தில் ஒளிந்திருந்தால் கணிப்பு குப்பைக்குத்தான் போகும். அளவீட்டில் பிழை இல்லாத ஆள் யார்? ஆரம்பத் தகவலில் கொஞ்சம் பிசகினால் விடையிலும் கொஞ்சம்தான் பிசக வேண்டும் என்ற நிபந்தனையை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கணிதவியலாளர் ழாக் ஹடமார்ட் வைத்தார். இரண்டு காலம் அந்தத் தேர்வில் நேராகத் தோற்கிறது. 1997-இல் மேக்ஸ் டெக்மார்க் பரிமாண எண்ணிக்கைகளை ஒரு கட்டம் போட்டுக் காட்டியபோது காலமும் வெளியும் ஒன்றுக்கு மேற்பட்டு உள்ள கட்டங்களில் 'கணிக்க முடியாது' என்று எழுதியது இதனால்தான். மூன்றுக்கு மேற்பட்ட வெளி உள்ள கட்டங்களில் வேறு நோய்: கோள்களும் அணுக்களும் நிலைக்காது, அதை எரன்ஃபெஸ்ட் 1917-இலேயே ஆராய்ந்திருந்தார்.

இதற்கு ஒரு வைத்தியம் உண்டு, நியாயமாக அதையும் சொல்லிவிட வேண்டும். 2009-இல் வால்டர் கிரெய்க், ஸ்டீவன் வைன்ஸ்டைன் இருவரும், ஆரம்ப நிலவரத்தில் சில நெளிவுகளை அனுமதிக்கவே கூடாது என்று கட்டுப்படுத்தினால் கணிப்பு ஒழுங்காக வேலை செய்கிறது என்று நிறுவினார்கள். எந்த நெளிவுகள்? வெளியில் இருப்பதைவிட இரண்டாம் காலத்தில் நெருக்கமாக நெளிபவை. மேலே உள்ள சமன்பாட்டில் வைத்துப் பாருங்கள், வீக்கத்துக்குக் காரணமே அவைதான். ஆனால் விலை அதிகம். அந்தக் கட்டுப்பாடு ஓர் இடத்தோடு நிற்காது. இங்கே நான் என்ன நிலவரத்தை வைக்கலாம் என்பது வெகு தூரத்தில் உள்ள நிலவரத்தைப் பொறுத்ததாகிவிடும். இந்த மேசையில் ஒரு சோதனையை என் விருப்பப்படி அமைக்கும் சுதந்திரம் போய்விடுகிறது. அது எனக்கு ஒப்பவில்லை, கணிதம் என்னவோ சுத்தமாக இருக்கிறது.

சுருட்டி மறைத்துவிட்டால்?

ஈர்ப்போடு மின்காந்தத்தையும் சேர்க்கக் கலூசா 1921-இலும் கிளைன் 1926-இலும் ஐந்தாவது பரிமாணத்தைப் பயன்படுத்தியபோது, கண்ணுக்குத் தெரியாததற்குக் காரணம் அது மிகச் சிறிய வட்டமாகச் சுருண்டிருப்பது என்று கிளைன் சொன்னார். காலத்தையும் அப்படியே சுருட்டலாமே என்று தோன்றும். போட்டுப் பாருங்கள். சுருண்ட வெளி வட்டத்தில் ஓடும் துகள் நமக்குக் கூடுதல் நிறையோடு தெரியும், நிறை²-உடன் ஒரு தொகை கூடும், வட்டம் சிறிதாகச் சிறிதாகத் தொகை பெரிதாகும், அதனால் அந்தத் துகள்களை உண்டாக்கவே முடியாமல் போய் மறைந்துவிடும். சுருண்ட காலத்தில் குறி மாறி அதே தொகை கழியும். நிறை² எதிர்மறை ஆகிவிட்டால் அது டாக்கியான், அதாவது ஒளியை மிஞ்சி ஓடும் துகள். வட்டத்தைச் சிறிதாக்கினால் தொல்லை குறைய வேண்டும், இங்கே டாக்கியான் இன்னும் கொழுக்கிறது. கலூசாவின் ஐந்தாவது பரிமாணத்தில் இருந்து மின்காந்தம் இலவசமாக வரும் அல்லவா, அந்தப் பரிமாணம் காலம் என்றால் அதுவும் குறி மாறித்தான் வரும்: ஒத்த மின்னூட்டங்கள் விலகாமல் ஈர்த்துக்கொள்ளும்.

இதையெல்லாம் தாண்டி நிற்பவை

இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு காலத்தோடு கௌரவமாக நடமாடும் ஆய்வுகள் இருக்கின்றன. அவற்றைப் படிக்கும்போது ஒரே கேள்வி போதும்: இரண்டாவது காலத்தை எந்த இடத்தில் காணாமல் ஆக்குகிறார்கள்? நான் பார்த்தவரை உயிரோடு இருப்பவை எல்லாம் ஏதோ ஒரு கட்டத்தில் அதைச் செய்கின்றன.

எதிர்-டி சிட்டர் வெளி (எங்கும் ஒரே அளவு எதிர்மறையாக வளைந்த ஒரு காலவெளி) எளிமையான உதாரணம். இரண்டு காலம் உள்ள ஒரு தட்டையான வெளிக்குள் வளைந்த பரப்பாக அதை வரைவார்கள், ஆனால் அந்தப் பரப்பின் மேல் வாழ்பவருக்குக் காலம் ஒன்றுதான். அந்தக் காலமும் வட்டமாக வந்துவிடும் என்பதால் அதைப் பிரித்து நீட்டி வைத்துக்கொள்வார்கள்.

இதில் முக்கியமானது தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இட்ஸாக் பார்ஸ் 1990களின் பிற்பகுதியில் தொடங்கிய 'இரு கால இயற்பியல்'. இதன் வேர் இன்னும் பழையது: இயற்பியலாளர் பால் டிராக் 1936-இலேயே 4 வெளி, 2 காலம் கொண்ட ஆறு பரிமாணத்தில் சமன்பாடுகளை எழுதினால் ஒரு மறைந்திருந்த சமச்சீர்மை பளிச்சென்று தெரிவதைக் காட்டியிருந்தார். பார்ஸ் கேட்டது, துகளின் நிலையையும் உந்தத்தையும் ஒவ்வொரு கணத்திலும் ஒன்றோடொன்று மாற்றிக்கொள்ள அனுமதித்தால் என்ன ஆகும்? அந்தச் சுதந்திரத்துக்கு விலையாக மூன்று நிபந்தனைகள் வருகின்றன. நிலையை நிலையோடு பெருக்கினால் பூஜ்யம், உந்தத்தை உந்தத்தோடு பெருக்கினால் பூஜ்யம், நிலையை உந்தத்தோடு பெருக்கினாலும் பூஜ்யம் (பெருக்கல் எல்லாம் நம் பிளஸ்-மைனஸ் குறிகளோடு).

இதையும் தாளில் சோதிக்கலாம். ஒரு காலம், இரண்டு வெளி என்று வைத்து நிலையை (1, 1, 0) என்றும் உந்தத்தை (1, 0, 1) என்றும் எழுதுங்கள். தனித்தனியாகப் பூஜ்யம் வருகிறது, ஆனால் ஒன்றோடொன்று பெருக்கினால் 1. வேறு எண்களைப் போட்டு எவ்வளவு முயன்றாலும், இரண்டும் ஒரே திசையில் இருந்தால் ஒழிய மூன்று நிபந்தனையும் சேர்ந்து அமையாது, அப்படி ஒரே திசை என்றால் சொல்லிக்கொள்ளும்படி எந்த இயக்கமும் இல்லை. இப்போது இரண்டு காலம், இரண்டு வெளி: நிலை (1, 0, 1, 0), உந்தம் (0, 1, 0, 1). மூன்றும் பூஜ்யம், திசையும் வேறு வேறு. இரண்டு காலம் இல்லாமல் இந்த விளையாட்டைத் தொடங்கவே முடியாது. மூன்று காலம் வைத்தால் அதை அடக்க இந்தச் சமச்சீர்மைக்குப் பலம் போதாது, எதிர்மறை நிகழ்தகவு கொண்ட 'பேய்கள்' என்று அவர்கள் சொல்லும் நிலைகள் மிச்சம் இருந்துவிடும்.

அந்தச் சமச்சீர்மை கடைசியில் ஒரு காலத்தையும் ஒரு வெளியையும் கழித்துவிடுகிறது. 4 வெளி, 2 காலத்தில் இருந்து நமக்குத் தெரிந்த 3 வெளி, 1 காலம் மிஞ்சுகிறது. எதைக் கழிப்பது என்பதில் தேர்வு இருப்பதால், ஒரே ஆறு பரிமாணத் துகள் ஒரு கோணத்தில் சுதந்திரமாக ஓடும் துகளாகவும், இன்னொரு கோணத்தில் ஹைட்ரஜன் அணுவாகவும் நிழல் விழுத்துகிறது. சம்பந்தமே இல்லாதவை போலத் தெரியும் இரண்டு கணக்குகளுக்கு ஒரே சமச்சீர்மை ஏன் என்பதற்கு இது அழகான விளக்கம். 2006-இல் துகள் இயற்பியலின் திட்ட மாதிரியையே (அடிப்படைத் துகள்களையும் ஈர்ப்பு தவிர்த்த விசைகளையும் விவரிக்கும் கோட்பாடு) பார்ஸ் இந்த வடிவில் எழுதிக் காட்டினார். வாஃபா 1996-இல் முன்வைத்த, இழைக் கோட்பாட்டின் ஒரு வடிவமான எஃப்-கோட்பாட்டின் 12 பரிமாணங்களிலும் ஒன்று இரண்டாவது காலமாக இருக்குமோ என்ற பேச்சு உண்டு, ஆனால் அங்கே கூடுதல் இரண்டும் பெரும்பாலும் கணக்கு வைத்துக்கொள்ளவே பயன்படுகின்றன.

கடைசியாக ஒன்று

மூன்று காலம், ஒரு வெளி என்றும் சில கட்டுரைகளில் வரும். 2022-இல் டிராகன், ஏகெர்ட் முதலியோர் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒளியை மிஞ்சிப் போகும் பார்வையாளர் ஒருவர் இருந்தால் அவருக்கு உலகம் அப்படித்தான் தெரியும் என்று எழுதினார்கள். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நம் சமன்பாட்டை எடுத்து எல்லாக் குறிகளையும் ஒரே சமயத்தில் புரட்டுங்கள்: மூன்று மைனஸ் மூன்று பிளஸ் ஆகும், ஒரு பிளஸ் ஒரு மைனஸ் ஆகும். காலம் என்ற பெயர்ப்பலகையும் வெளி என்ற பெயர்ப்பலகையும் இடம் மாறியிருக்கின்றன, அந்த உலகில் நமக்குப் பழக்கமான துகள்கள் எல்லாம் டாக்கியான்கள். அலைச் சமன்பாட்டில் இரு பக்கமும் குறி மாறினால் பழைய சமன்பாடே திரும்ப வரும், ஆகவே வீக்கப் பிரச்சினை அங்கே தலைகாட்டுமா என்பது ஆரம்ப நிலவரத்தை எந்தத் திசையில் எழுதி வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரே வெளித் திசையின் குறுக்கே வெட்டி எழுதினால் கணிப்பு ஒழுங்காக ஓடும். மூன்று காலங்களில் ஒன்றின் குறுக்கே வெட்டினால் அந்த 43 பூஜ்யம் மறுபடி வந்து நிற்கும்.